மாமாவுக்கு மிஷின் பார்த்த பொருத்தம்

பொருத்தம் சேரலன்னு அந்தப் புள்ளைய வேணாம்னுட்டாங்களாமே, மதினி? அட கொடுமையே! எங்க மாமாகிட்ட அனுப்பியிருந்தா பதுளையிலயே வச்சு சேர்த்துவிட்டிருப்பாரு. சிரிக்காதீங்க, கேளுங்க.

மாமான்னா எங்கம்மாவோட தம்பி. எனக்கு அப்பதான் பல்லு விழுந்து முளைக்கிற வயசு. பதுளை கடைவீதியில ஒரு மாடியில புதுசா கம்ப்யூட்டர் வகுப்பு வச்சாங்க. மாமா அங்க படிச்சாரு. பைப்படியில தண்ணி புடிக்கிற பொம்பளைங்கல்லாம் "வாங்க மிஷின் மாப்ள"ன்னு கிண்டல் பண்ணும்.

கொஸ்லந்த தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மகள அவருக்குப் பேசியிருந்துச்சு. பத்துல ஒம்பது பொருத்தம் இருக்குன்னு ஜோசியரும் சொல்லிட்டாரு. மாமா அதோட சும்மா இருந்திருக்கலாம்ல? "நா மிஷின்லயே பாத்துக் காட்டுறேன்"னு கணக்கப்பிள்ளைய வகுப்புக்கே கூட்டியாந்துட்டாரு. பொண்ணும் கூட வந்துச்சு. நானும் தொத்திக்கிட்டேன், வடை கிடைக்கும்ல.

பொருத்தம் பாக்க மாமாவே எழுதுன புரோகிராம ஓட்டுனதும், மிஷின் கரகரன்னு தாளத் துப்புச்சு. ஒரே ஒரு வரி, இங்கிலீசுல: பொருத்தம் இல்ல.

கணக்கப்பிள்ளை குடையத் தூக்கிட்டாரு. "நம்ம பேச்சு இதோட முடிஞ்சுச்சு தம்பி."

"ஒரு டீ குடிச்சிட்டு வாங்கய்யா"ன்னு கெஞ்சி அவரக் கீழ அனுப்பிட்டு, மாமா வாத்தியாரக் கூப்பிட்டாரு. அவரு தலையில அடிச்சிக்கிட்டாரு. "ஒவ்வொரு பொருத்தத்துக்கும் பைலைப் புதுசா தொறந்திருக்கீங்களே! தொறக்கத் தொறக்க முன்ன எழுதுனது அழிஞ்சிரும். ஒம்பதும் போயி கடைசிதான் நிக்கிது. பழசுக்குக் கீழ சேர்த்து எழுதச் சொல்லுங்க."

மாமா மாத்தி ஒருக்கா ஓட்டிப் பாத்தாரு. பத்தும் வந்துச்சு. அந்த சந்தோசத்துல அத அழிக்காமலே, கணக்கப்பிள்ளை வந்ததும் மறுக்கா ஓட்டி அடிச்சாரு. முன்ன வந்த பத்துக்குக் கீழ அதே பத்து!

கணக்கப்பிள்ளை விரல வச்சு எண்ணுனாரு. "பதினெட்டு சேருதே! அந்த ஜோசியன் ஒம்பதுக்கு மேல காணலியே. ரெண்டு சேராட்டிப் போகுது, நாள் குறிங்க!"

உண்மையச் சொல்ல மாமா வாயத் தொறந்தாரு. பொண்ணு, இங்கிலீசு படிச்ச அந்த அக்கா, தாள வாங்கி மேலேர்ந்து கீழ பாத்துச்சு. "வாங்கப்பா, பஸ் போயிரும்"னு தாள மடிச்சு வச்சிக்கிட்டு, மாமா கால நல்லா ஒரு மிதி மிதிச்சுச்சு.

"ஐயோ அக்கா, மாமா கால்!"னு நா கத்துனேன். கல்யாணம் முடிஞ்சு புள்ள பொறந்த பெறகும், பாவம், அவசரத்துல தெரியாம மிதிச்சுட்டாங்கன்னே நெனச்சிக்கிட்டிருந்தேன் மதினி.

ஐயையோ, தூறுது! கொடியில துணி கெடக்கு, இருங்க வர்றேன்.