தையல் மெஷினுக்கு நடந்த தேர்தல்

மலாக்காவின் காஜா பேராங்கில், சந்திரமதியின் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மனசு. அது அவள் கணவன் தம்பிராஜாவின் சட்டைப்பையில் இருந்தது, அவ்வளவுதான்.

ஆனாலும் பதினொரு வருடமாக அவள் பேச்சுக்கும் அங்கே பதில் வந்துகொண்டிருந்தது. காரணம் பாசமில்லை, மூலையில் நின்ற தையல் மெஷின். அக்கம்பக்கத்து மலாக்காச் செட்டிப் பெண்கள் கெபாயா என்ற மலாய்ச் சட்டை தைக்கக் கொடுப்பார்கள். அந்தக் கூலியில் அரிசியும் வரும், “நீ என்ன சொல்ற, சந்திரமதி?” என்ற கேள்வியும் வரும். மெஷின் பழுதாகிக் கிடந்த மாதம் அரிசி எப்படியோ வந்தது, கேள்விதான் வரவில்லை. அதை அவள் கவனித்து வைத்திருந்தாள்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த இரண்டாம் வருடம், தம்பிராஜாவின் தங்கை சிவகாமிக்குப் புக்கிட் காதிலில் மாப்பிள்ளை அமைந்தான். பெண்ணோடு ஒரு தையல் மெஷினும் வரட்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். பொதுத்தேர்தல் அப்போதுதான் முடிந்திருந்தது. வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட மிதப்பு தம்பிராஜாவுக்கு இன்னும் இறங்கவில்லை.

“நான் என்ன சர்வாதிகாரியா? ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுவோம் லா!” என்று காலி பிஸ்கட் டின்னைத் துடைத்து நடுவீட்டில் வைத்தான்.

ஆளுக்கு ஒரு காய்ந்த மிளகாய், ஒரு புளியங்கொட்டை. மெஷினைக் கொடுக்கலாம் என்றால் மிளகாய். வேண்டாம் என்றால் புளியங்கொட்டை. இரண்டையும் எடுத்துக் கொடுத்தவள் சந்திரமதியே. அடுக்களைச் சாமான் இருக்கும் இடம் வேறு யாருக்குத் தெரியும்?

சந்திரமதி கணக்குப் போட்டாள். அண்ணனும் தங்கையும் இரண்டு ஓட்டு. தான், பதினாறு வயது மகள் பொன்னம்மா, கொழுந்தன் சுப்பையன், மூன்று. மகளின் பாவாடை தாவணியெல்லாம் அந்த மெஷினில் பிறந்தவை. சுப்பையனோ தெங்கிரி மீனின் நடுத்துண்டை மென்றபடியே வாக்குக் கொடுத்திருந்தான்.

“அண்ணி, என் ஓட்டு உங்களுக்குத்தான். சாமிய நம்பாட்டியும் என்னை நம்புங்க.”

டின்னைக் கவிழ்த்தார்கள். மிளகாய் நாலு. புளியங்கொட்டை ஒன்று.

“பாத்தியா? இதான் ஜனநாயகம். மனசுல ஒண்ணும் வச்சுக்காத” என்றான் தம்பிராஜா. சுப்பையன் கூரையைப் பார்த்தான்.

பொன்னம்மா அம்மாவின் பின்னாலேயே அடுக்களைக்கு வந்தாள்.

“அம்மா... அத்தைக்குக் கல்யாணம் ஆனாத்தானே சித்தப்பாவுக்கு ஆகும்? சித்தப்பாவுக்கு ஆனாத்தானே எனக்கு?”

“யாருடி சொன்னது?”

“சித்தப்பாதான்.”

மறுநாள் மெஷின் லாரி ஏறியது. மூலையில் அதன் நான்கு கால்தடங்கள் மட்டும் வெளுப்பாக நின்றன. சந்திரமதி தினமும் அவற்றைச் சுற்றிக்கொண்டே பெருக்கினாள்.

இரண்டு மாதம் கழித்து, வரிசையாவது ஒன்றாவது என்று பொன்னம்மாவையே குருபோங் ஊரில் இருக்கும், மனைவியை இழந்த நாற்பது வயதுக்காரனுக்குப் பேசி முடித்துவிட்டு வந்தான் தம்பிராஜா.

“வேணாங்க” என்றாள் சந்திரமதி. அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். “சின்னப் புள்ளைங்க, வேணாங்க” என்றாள் மறுபடியும்.

பதில் வரவில்லை. ஓட்டுப் போட டின்னைக் கொண்டுவரலாமா என்று எழுந்தாள். அதில் இப்போது பிஸ்கட் இருந்தது.