லைனுக்கு எத்தனை அர்த்தம்

போன வாரம் தாலுகா ஆபீசில் பட்டா விஷயமாக நின்றுகொண்டிருந்தேன். காதில் போன். கேஸ் கம்பெனியின் பதிவுக் குரல், "லைனில் காத்திருக்கவும்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர், "யம்மா, லைன்ல ஒழுங்கா நில்லுங்க" என்றார். ஒரே நேரத்தில் இரண்டு லைனில் நின்ற பெருமை எனக்கு.

இந்தச் சின்ன இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு எவ்வளவு பிழைப்பு நடத்துகிறோம் பாருங்கள். நான் வளர்ந்ததே லைன் வூட்டில்தான். ஒரு சுவரை ஒட்டி ஏழு குடித்தனம். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் ஏழு வீட்டுக்கும் பசிக்கும். கம்பத்தில் ஏறுகிறவர் லைன்மேன். ரயில் ஓடும் சின்னசேலத்துக்காரர்களுக்கு லைன் என்றால் தண்டவாளம். டைப்ரைட்டிங் கிளாஸ் விட்டு வரும்போது என் பின்னாலேயே ஒருவர் சைக்கிளில் வருவாரே, அதுவும் லைன்தான்.

மகளின் அகராதியில் ஒருநாள் தேடிப் பார்த்தேன். ஆளிச்செடி நாரில் திரித்த நூலுக்குத்தான் ஆதியில் அந்தப் பேராம். கொத்தனார் பிடிக்கிற மாதிரி நூலை இழுத்துப் பிடித்ததால் கோடு வந்ததாம், கோட்டிலிருந்து வரிசையாம். எனக்கோ நூல் என்றதும் எங்கள் எஸ்.டி.டி. பூத்தின் டெலிபோன் ஒயர்தான் ஞாபகத்துக்கு வந்தது. சுருள் சுருளாக, ஊரார் கைவேர்வை எல்லாம் ஏறி, ஒரு மாதிரி புளிச்ச வாசனை அடிக்கும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்தது அந்தப் பூத். அங்கே உட்கார்ந்து நம்பர் போட்டுக்கொடுப்பது என் முதல் வேலை. கல்வராயன் மலையில் அப்போது போன் ஏது? குடகுத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன ஆம்பளைகள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பூத்துக்குக் கூப்பிடுவார்கள். வீட்டுப் பெண்கள் வெள்ளிமலை பஸ் பிடித்து இறங்கி வந்து, ஸ்டூலில் காத்திருந்து பேசிவிட்டுப் போவார்கள்.

அப்படி வருகிறவர்தான் காளியம்மா அக்கா. பதினோரு மணிக்கு அவர் வீட்டுக்காரர் கூப்பிடுவார். அந்த ஞாயிறு அக்கா ரொம்பப் பதற்றமாக இருந்தார். மகள் அஞ்சாவது முடித்திருந்தாள். மறுநாள் இங்கே ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும், அதுதான் கடைசி நாள். விட்டால் ஆடு மேய்க்கத்தான். "அவர ஒரு வார்த்த கேட்டுட்டா சேத்துடுவேன் கண்ணு" என்றார்.

பத்தே முக்காலுக்கு மணி அடித்தது. எடுத்தால், சின்னசேலத்திலிருந்து அந்தச் சைக்கிள்காரர். இன்றைக்கு என் வீட்டுக்காரர். ரெண்டே நிமிஷம் என்றுதான் ஆரம்பித்தேன். அக்கம்பக்கத்தில் காது இருக்கிறதே என்று, "சொல்லுங்க சார், சரிங்க சார்" என்று ஆபீஸ் குரலில் குழைந்துகொண்டிருந்தேன். என்ன பேசினோம்? மத்தியானம் இன்னா கொழம்பு, நேத்து இன்னா சட்டை. கருமம். வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் பதினொன்றே முக்கால்.

அதற்கப்புறம் அக்காவுக்குப் போன் வரவே இல்லை. குடகில் எந்தப் பூத்தில் நின்று அவர் எத்தனை தடவை அடித்து அலுத்தாரோ. அக்கா கடைசி பஸ் வரைக்கும் இருந்தார். என்னால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை, பயம்தான், வேறென்ன. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தவர், "சரி, அவரு சரின்னுட்டாருன்னே வச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மகளைச் சேர்த்தும்விட்டார்.

அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு போனை நானே எடுத்தேன். அக்கா வீட்டுக்காரர் குரலில் அனல்.

"போன வாரம் அடிச்சப்பல்லாம் எங்கேஜுங்க. பொண்ண ஹாஸ்டல்ல சேக்காதன்னு சொல்றதுக்குத்தான் அடிச்சிகினே இருந்தேன்."

ரிசீவரை அக்காவிடம் நீட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சேத்துட்டேன். தட்டு, பொட்டி, போர்வை எல்லாம் குடுத்தாச்சி" என்றார்.

அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. அக்கா ரிசீவரைக் காதிலேயே வைத்தபடி, போனில் ரிசீவர் வைக்கிற இடத்துக் குமிழை ஒரு விரலால் மெதுவாக அழுத்தினார்.

"லைன் கட்டாயிடுச்சி கண்ணு" என்றார் என்னைப் பார்த்து.

"ஆமாங்க்கா. குடகுல மழை வேற. அப்படித்தான் ஆவும்" என்றேன். மறுபடி மணி அடித்தது. ரெண்டு பேரும் எடுக்கவில்லை.

பூத் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். மலை மேலேயும் எல்லார் கையிலும் போன். கூப்பிட்டதா, எடுக்கவில்லையா, யார் பாதியில் வைத்தது, எல்லாவற்றையும் அதுவே நேரம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இன்றைக்கு ஒரு காளியம்மா அக்கா லைன் கட்டாகிவிட்டது என்று சொன்னால், யார் நம்புவார்கள்?