இரண்டு லாட ஆணிகள்

கொள்ளு வேகிற வாசனை யார் வீட்டு அடுப்பிலிருந்து வந்தாலும் எனக்குப் பசி எடுப்பதில்லை. கை தானாகப் போய்த் தாடையைத் தொட்டுப் பார்க்கிறது. இத்தனை வயதுக்கு மேல் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் தினமும் விடியற்காலையில் ஒரு பானைக் கொள்ளு வேகும், ஆனால் அது எங்களுக்கல்ல, சுந்தரிக்கு. சுந்தரி எங்கள் மட்டக்குதிரை. செம்பட்டை நிறம், ஒரு காது நுனி மடங்கியிருக்கும், என் தலைமுடியைக் கண்டால் வைக்கோல் என்று நினைத்து இழுக்கும்.

கல்வராயன் மலைக்கு ரோடு போடாத காலம். எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருந்தது. வெள்ளிமலைப் பக்கம் போக வேண்டியவர்கள் நடந்தே ஏற வேண்டும், முடியாதவர்கள் அப்பாவிடம் வந்து குதிரை கேட்பார்கள். வாராவாரம் தவறாமல் வந்தவர் நர்சம்மா. கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுந்தரி மேல் உட்காருவார், அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். குதிரையைவிட அதன் மேல் ஏறுகிறவர்களைப் பற்றித்தான் அப்பாவுக்குக் கவலை. கால் வைக்கிற இரும்பு வளையத்தில் யாராவது பாதத்தை முழுசாக நுழைத்துவிட்டால் அவருக்குப் பொறுக்காது. "முன்பாதம் மட்டும் வைங்க. வுழுந்தா கால் கழண்டு வந்துடணும், இல்லன்னா உங்கள இஸ்துக்கினு போயிடும்" என்பார். வேர்வை அடங்காமல் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, ஏற்றத்துக்கு முன்னால் சேணத்து வாரை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும், பின்பக்கமாகப் போகக் கூடாது என்று அவருக்கு ஆயிரம் சட்டம். அப்பாவுக்குக் கோபம் வந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அதனால் நாங்கள் சட்டத்தை மீறுவதில்லை, மீறினால் சொல்வதில்லை.

அந்தச் சட்டங்களில் ஒன்று என்னுடைய பொறுப்பு. சின்னசேலத்திலிருந்து லாடக்கார பாய் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வருவார். பழைய லாடத்தைக் குறடால் கழற்றும்போது ஆணிகள் கொட்டகை வாசல் மண்ணில் சிதறும். ஒரு காலுக்கு ஆறு, நாலு காலுக்கு இருபத்தி நாலு. அவ்வளவையும் பொறுக்கிக் கொட்டாங்குச்சியில் போட்டு, எண்ணிப் பார்த்து, அப்பாவிடம் கணக்குச் சொல்ல வேண்டும். ஓர் ஆணி குறைந்தாலும் சாணத்தையும் மண்ணையும் சலித்துத் தேடியாக வேண்டும், அது கிடைக்கும்வரை சுந்தரி கொட்டகைக்குள் போகாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்றைக்கு நான் எண்ணியபோது இருபத்திரண்டுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன், அப்போதும் அவ்வளவுதான். வேலிக்கு அந்தப் பக்கம் என் கூட்டாளிகள் இலந்தைப்பழம் பொறுக்கப் போவதற்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அப்பா, "சரியா இருக்குதா கஸ்தூரி?" என்று கேட்டார். "இருவத்தி நாலும் இருக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து, குறைந்த ஆணிகளில் ஒன்று என் குதிகாலில் ஏறியது. கொட்டகை வாசலில் சாணி அள்ளியபோது சுருக்கென்றது. உட்கார்ந்து பிடுங்கிப் பார்த்தால் துருவேறிய லாட ஆணி. வலியைவிடக் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அம்மாவிடம் மஞ்சள் கேட்டால் எதற்கென்று கேட்பாள். அதனால் கொட்டகை மண்ணையே ஒரு பிடி அள்ளிக் காயத்தில் அப்பி, ரத்தத்தை நிறுத்திவிட்டு, ஆணியை எருக்குழியில் எறிந்தேன். நான் செய்ததில் அந்த மண்ணை அப்பியதைவிடக் கேடானது வேறெதுவும் இல்லை என்று அப்போது தெரியாது. மிச்சம் ஒன்று இருக்கிறதே என்று அன்று முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை.

மறுநாள் அதைக் கண்டுபிடித்தவள் சுந்தரி. முன்னங்காலை ஊன்றாமல் நின்றாள். அப்பா குளம்பைத் தூக்கிப் பார்த்து ஆணியைப் பிடுங்கினார். உப்புப் போட்ட வெந்நீரில் கழுவி, டிஞ்சர் ஊற்றினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ எண்ணுனியா, இல்லியா?"

"எண்ணுனம்பா. இருவத்தி நாலு."

அப்பா என்னை நம்பினார். அப்படியானால் பாய்தான் தன் பையிலிருந்த ஆணி ஒன்றைத் தவறவிட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, சின்னசேலம் போய் நாலு பேர் எதிரில் அவரைக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டுவிட்டு வந்தார். பாய், "முப்பது வருஷமா லாடம் அடிக்கிறேங்க. இனிமே உங்க வூட்டுக்கு வரல" என்று மட்டும் சொன்னாராம்.

பத்துப் பன்னிரண்டு நாள் எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் சுந்தரி கொள்ளைத் தொடவில்லை. காதுகள் இரண்டும் விறைத்து நின்றன, வால் தூக்கிக்கொண்டிருந்தது, நாலு காலையும் அகட்டி வைத்து மரக்குதிரை மாதிரி நின்றாள். வாளி லேசாக இடித்த சத்தத்துக்கு உடம்பெல்லாம் உதறியது. அப்பா வாயைத் திறக்கப் பார்த்தார். விரல் நுழைய இடமில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த மாட்டு டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார். "தனுர்வாயுங்க, டெட்டனஸ். ஆணி குத்துன எடத்துல மண்ணு, சாணி பட்டு உள்ள போயிருக்குது. ஊசி போடறேன். இருட்டுல வைங்க, சத்தமே கூடாது. வாய் ஓரமா கொஞ்சம் கொஞ்சமா கஞ்சி ஊத்துங்க. வுழாம இருந்தா பொழைக்கும், வுழுந்தா எழுந்திருக்காது." கிளம்பும்போது, "கொழந்தைங்கள வெறுங்காலோட உள்ள வுடாதீங்க. மனுசங்களுக்கும் இதே கதிதான்" என்றார்.

நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்திலிருந்து எனக்குப் பிடித்த பயத்தைப் பயம் என்று சொன்னால் போதாது. குதிகால் காயம் மேலே மூடியிருந்தது, உள்ளே விண்விண்ணென்று தெறித்தது. விடிந்து கண் விழித்ததும் மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் நுழைத்துப் பார்ப்பேன். நுழைந்துவிட்டால் அன்றைக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். சோற்றை மெல்லும்போது தாடை வலித்தால் மறுபடி விரலை விட்டுப் பார்ப்பேன். கொட்டகையில் ஓலைத் தட்டியெல்லாம் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். அதன் இடுக்கு வழியாகச் சுந்தரியைப் பார்ப்பேன், நாளைக்கு நான் இப்படித்தான் நிற்பேன் என்று தோன்றும். சொல்லிவிடலாம் என்று அப்பா பக்கத்தில் போவேன். அவர் மூங்கில் குழாயில் கஞ்சியை எடுத்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, அவளிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார். திரும்பி வந்துவிடுவேன். செத்தாலும் சாவேன், சொல்ல மாட்டேன் என்று இருந்தேன்.

மூன்றாம் நாள் நர்சம்மா வந்தார். குதிரைக்கு உடம்பு சரியில்லை, இந்த வாரம் நடந்துதான் போக வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்துவிட்டார்.

"இன்னாத்துக்கு வாயில வெரல வுட்டுப் பாக்கற?"

நான் விரலை வெளியே எடுத்துவிட்டேன். அவர் கண் என் காலுக்குப் போனது. நான் குதிகாலை ஊன்றாமல் நின்றேன். உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட குரல் தணிந்திருந்தது. "ஆணியாடி? எத்தினி நாளாச்சு? இன்னா வச்ச அதுல?"

"கொட்டாய் மண்ணு" என்றேன். அதோடு சேர்த்து எல்லாம் வெளியே வந்துவிட்டது. இலந்தைப்பழம், இருபத்திரண்டு, பொய், எருக்குழி. அழுகைக்கு நடுவில் "நானும் சுந்தரி மாதிரி ஆயிடுவனா?" என்று கேட்டேன். நிமிர்ந்தபோது அப்பா கஞ்சிக் குழாயோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நாலு வீட்டுக்குக் கேட்கும் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா குழாயை அம்மாவிடம் கொடுத்தார். என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்; நர்சம்மா பெட்டியோடு பின்னால் ஓடிவந்தார். வழியெல்லாம் அப்பா கேட்டது ஒன்றேதான். "வாயத் தொற, பாக்கலாம்." திறப்பேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்பார்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் காயத்தைக் கீறிக் கழுவினார்கள். முதலில் கையில் ஒரு பொட்டு மருந்து போட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பெரிய ஊசியை எடுத்தார்கள். என்னைத் தைரியப்படுத்துவதற்காக நர்சம்மா சொன்னார்: "இந்த மருந்து இன்னான்னு தெரியுமா? குதிர ரத்தத்துலேர்ந்து எடுக்கறது." அவர் நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் சுந்தரியிடமிருந்துதான் எடுத்துவிட்டார்கள், அதனால்தான் அவள் விறைத்துப்போனாள் என்று என் புத்திக்குப் பட்டது. வேண்டாம் என்று கத்தினேன். அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

ஒரு நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். நாங்கள் வந்து சேர்ந்தபோது சுந்தரி விழுந்து கிடந்தாள். அம்மா ஒருத்தியாகவே இருந்து கஞ்சி ஊற்றியிருக்கிறாள். காலையில் கால் மடங்கிவிட்டதாம். அப்பா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். அவர் கூட இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அதற்கப்புறமும் ஒரு வாரம்வரை, தினமும் காலையில் நான் படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வந்து குந்தி, "வாயத் தொற" என்பார்.

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே என்னை அழைத்துக்கொண்டு சின்னசேலம் போனார். பாய் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார், எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அப்பா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் யாருக்கு முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"உங்க மேல தப்பில்லீங்க பாய். பழைய ஆணிய நாந்தான் சரியா எண்ணாம வுட்டுட்டேன்" என்றார்.

பாய் அவரைப் பார்த்தார், அப்புறம் என் கால் கட்டைப் பார்த்தார். "கொழந்தைக்கு இன்னா ஆச்சு?"

"கல்லு குத்திடுச்சு."

பாய் எழுந்து உள்ளே போய், ஒரு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன்.

போன மாதம் வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்புகள் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கின. சுந்தரி ஏறிய பாதை எந்த இடத்தில் தொடங்கும் என்று அடிவாரத்தில் இரண்டு பேரிடம் கேட்டேன். குதிரையா என்று ஆச்சரியப்பட்டார்கள். அப்பா வேறு குதிரை வாங்கவே இல்லை. ரோடு வந்த பிறகு யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. சின்னசேலத்தில் பாயின் வீடு இருந்த வரிசை முழுக்க இப்போது கடைகள். அப்பா போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, பாய் அவருக்கும் முன்னால் போய்விட்டார். கல்யாணம் ஆனபிறகு சின்னசேலத்தில் ரயில் ஏற எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை, அதுவும் பயம்தான். அவர் வாசலில் நின்று சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எங்க அப்பா உங்களிடம் சொன்னது பொய், பாய். ஆணியை எண்ணியவள் நான்.