ஆணியில் தொங்கிய சட்டை

பஸ் மண்ணச்சநல்லூரைத் தாண்டும்போது ஜன்னல் வழியே நெல் அவிக்கும் வாசனை வந்தது. மகள் இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே, "சட்டையை இழந்துட்டான்னு போட்டிருக்கு, அப்படின்னா என்னம்மா?" என்றாள். "தொழில்ல நொடிச்சுப் போயிட்டான்னு அர்த்தம்" என்றேன். பாடத்துக்கு அது சரிதான். எனக்குத்தான் ஒப்பவில்லை.

அப்பாவின் அரிசி ஆலை இந்த ஊரில்தான் இருந்தது. ஸ்கூல் விட்டு நான் போகும்போதெல்லாம் உமி அடுப்பின் அனலில் வியர்த்து, தவிட்டுத் தூசி படிந்த வெற்று மார்போடு, களத்து நெல்லைக் காலால் கிளறியபடி அப்பா நடந்துகொண்டிருப்பார்; அவருடைய வெள்ளைச் சட்டை ஆபீஸ் ரூம் ஆணியில் காலையிலிருந்து அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். "மொதலாளி சட்டை போட்டா யாரோ ஆபீசர் வர்றாங்கன்னு அர்த்தம்" என்று களத்துப் பெண்கள் சிரிப்பார்கள்.

ஆலை கைவிட்டுப் போனபின் அப்பா திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் காலையில் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "சரியா இருக்காம்மா?" என்று என்னைக் கேட்டார்.

அதன்பிறகு எந்தக் கோடையிலும், பகலில், அவரைச் சட்டை இல்லாமல் நான் பார்த்ததே இல்லை.