கண் எரிச்சல்

எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு குடித்தனம், ஒரே பால்கனி. பொன்னேரியில் மீன் விற்றுவிட்டு மாலை பஸ்ஸில் வந்து இறங்கினால், மசாலா அரைத்துக் குழம்பு வைக்க எனக்குத் தெம்பு இருக்காது. கூடையில் மிஞ்சிய மடவை மீனில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, பால்கனியிலேயே கரியடுப்பை மூட்டிச் சுட்டுவிடுவேன்.

உடனே பக்கத்துக் குடித்தனக்கார அக்காவின் கதவு திறக்கும்.

"இன்னாமே, வூடு பூரா பொகை. கண்ணு எரியுது. இங்க மனுசங்க இருக்கறதா வேணாமா?"

நின்று சண்டை போடக்கூட என்னால் முடியாது. அடுப்பை இழுத்துக்கொண்டு மறு கோடிக்குப் போவேன். முறத்தை எடுத்துத் தடுப்பாக வைப்பேன். நாள் தவறாமல் இதே கூத்து. சலித்துப் போயிற்று.

ஒருநாள் காற்று திரும்பி அடித்தது. புகை முழுக்க என் வீட்டுக்குள்தான் போனது. நான்தான் இருமிக்கொண்டிருந்தேன். அப்போதும் அக்காவின் கதவு திறந்தது.

"கண்ணு எரியுதுமே."

கடலோரத்தில் பிறந்தவளிடமா காற்றைப் பற்றிப் பொய் சொல்வது? நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய மீனாக ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினேன்.

"இந்தாக்கா, கண்ணு எரிச்சலுக்கு."

தட்டை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தப் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காரம் கொஞ்சம் கொறச்சிப் போடு. புள்ளைங்களுக்கு ஆவாது."