எஃபி அக்காவும் அந்த ஒத்தைக் கோடும்

இன்னைக்கு மழைக்கு ஒதுங்கப் போய் யாரைப் பார்த்தேன்னா, நம்ம ஸ்கூல் பஸ் ஓட்டுற எஃபி அக்காவை! பஸ்ஸை நிறுத்துற கொட்டகைக்குள்ளயே தறி போட்டிருக்காங்க. அவங்க கதையைக் கேட்டதுல இருந்து எனக்குக் கை சும்மா இருக்கல, அதான் உடனே எழுதுறேன்.

நம்ம ஹாரிஸ் தீவுல மக்ஃபெர்னா குலம் ரெண்டு பக்கமா இருக்கு. ஆடு வளர்க்குற மலைப்பக்கம், மீன் பிடிக்கிற கரைப்பக்கம். குலத்துக்குன்னு இருக்குற கட்டத்துணி, அதாங்க டார்ட்டன், ஒண்ணுதான்: பச்சையும் கருநீலமுமா கட்டம், நடுவுல ஒத்தைக் கோடு. அந்தக் கோட்டுலதான் வம்பே. ஆம்பளைங்க இடுப்புல சுத்திக் கட்டுற கில்ட்டுல, மலைக்காரங்களுக்கு அது பழுப்பு, கரைக்காரங்களுக்கு வெளிர்நீலம். எந்தக் கல்யாணம் நடந்தாலும் விஸ்கி உள்ள போனதும் ஆரம்பிச்சிடுவாங்க. பார்த்து நெய்யக்கூடத் தெரியலையேன்னு மலைக்காரங்க, உங்களுக்கு நீலச் சாயம் வாங்க வக்கில்லைன்னு கரைக்காரங்க.

எஃபி பொறந்தது மலைப்பக்கம், வாக்கப்பட்டது கரைப்பக்கம். புருஷன் லாக்லன் இறால் படகு வச்சிருக்கார். மகள் ஊனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு, எதிர்த் தீவுல, மாப்பிள்ளை ஊர்ல. எல்லாரும் லாக்லன் படகுலதான் போறாங்க. அன்னைக்கு எஃபி கையால நெய்த கில்ட்டைத்தான் அவர் கட்டணும், அதுவும் உண்மையான கோட்டோட. எஃபிக்கு வேற ஆசையே இல்ல.

எது உண்மையான நிறம்னு பார்க்க, அம்மா வீட்டுப் பழைய டார்ட்டன் போர்வையோட மடிப்பைப் பிரிச்சாங்க. வெயில் படாத அந்தக் கோட்டு நூல் அப்படியே துருப்பிடிச்ச பழுப்பு. ஸ்பூனை எடுத்துக்கிட்டுப் போய் பாறையில ஒட்டியிருக்குற சாம்பல் பாசியைச் சுரண்டி, கம்பளியோட சேர்த்துக் கொதிக்க வச்சாங்க. அதே நிறம்! மலைப்பக்கம் ஜெயிச்சாச்சுன்னு பாட்டே பாடினாங்களாம். அந்த நூலை வச்சே நெய்து, தைச்சு, லாக்லன் முன்னாடி விரிச்சாங்க.

அவருக்கு ரொம்பப் பிடிச்சுது. இடுப்புல சுத்திக்கிட்டு ஒரு சுத்து சுத்தினார். அப்புறம் மோந்து பார்த்தார்.

"எஃபி, இது பாறைப்பாசி வாசனையாச்சே?"

"ஆமா, உங்க ஆளுங்க தொலைச்ச நிறம்தான்."

அவுத்து நாற்காலி மேல வச்சுட்டார். "சர்ச்சுல கட்டிக்கிறேன், நடனத்துல கட்டிக்கிறேன். படகுல மட்டும் மாட்டேன். பாறையில இருந்து வந்தது பாறைக்கே திரும்பிப் போகும், போறப்ப ஆளையும் கூட்டிட்டுப் போயிடும். உனக்குத் தெரியாதா?"

எஃபிக்கு வந்ததே கோபம். "ஃபோன்ல வானிலை ஆப் வச்சிருக்கீங்க, ரேடார் வச்சிருக்கீங்க, பாசிக்குப் பயப்படுறீங்களாக்கும்!"

"எங்கப்பா காலுறையைக்கூட இதுல முக்க விட்டதில்ல," அப்படின்னார் லாக்லன்.

எஃபி திட்ட வாயைத் திறந்தப்பதான் ஒண்ணு உறைச்சுது. காலுறையே கூடாதுன்னா, கடலுக்குப் போறவங்க கில்ட்டுல எப்படிப் பழுப்பு இருக்கும்?

மழைக்கோட்டுகூடப் போடாம நாத்தனார் பெகி வீட்டுக்கு ஓடினாங்க. "அண்ணி, உங்க வீட்டுப் பொம்பளைங்க போர்த்தின பழைய சால்வை ஏதாச்சும் இருக்கா?" பெகி, யாராச்சும் செத்துட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாங்க. அதே பச்சை, அதே கருநீலம். நடுவுல பழுப்புக் கோடு! கரைப்பக்கத்து வீட்டுல! அடியில இருந்த ஆம்பளைங்க கில்ட்டை எடுத்தா, அதுல மட்டும் வெளிர்நீலம்.

யாரும் தப்பா நெய்யல. யாருக்கும் சாயம் வாங்க வக்கில்லாமப் போகல. கடலுக்குப் போறவன் வீடு திரும்பணும்னு, கரைப்பக்கத்துப் பொண்டாட்டிங்க அவன் கில்ட்டுல அந்த ஒரு கோட்டை மட்டும் மாத்தியிருக்காங்க. கடலுக்கே போகாதவங்களுக்கு அது தேவைப்படல, பழுப்பு அப்படியே இருந்திடுச்சு. இதைச் சொல்லும்போது எஃபி அக்கா தறியைப் பார்த்துக்கிட்டே மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க.

மறுபடி தறியில பாவு ஓட்டி, வெளிர்நீலக் கோட்டோட இன்னொரு கில்ட்டு நெய்ய உட்கார்ந்தாங்க. ஊனா வந்து, அம்மா இன்னொண்ணா, நேரம் ஏதுன்னு பதறினதுக்கு, உங்கப்பா வேணுமா வேணாமான்னு கேட்டு அனுப்பிட்டாங்களாம். போன சனிக்கிழமை லாக்லன் வெளிர்நீலக் கோட்டுக் கில்ட்டோட சுக்கான் பிடிச்சார். எஃபிக்குப் பழுப்புக் கோட்டுச் சால்வை, ஆனா கரை ஏறுற வரைக்கும் அது பைக்குள்ளதான். படகுல போர்த்த அவர் விடல, அவங்களும் சண்டை போடல.

நடனத்துல மட்டும் ரெண்டு கோடும் ஒண்ணா சுத்திச்சாம். வம்பு பண்ண வந்த மாமாக்கள் பேச விஷயமே இல்லாம, பாவம், சாப்பிடப் போயிட்டாங்க.

உங்க வீட்டுப் பெட்டியிலயும் பழைய சால்வை இருந்தா, கோடு என்ன நிறம்னு பார்த்துட்டு எஃபி அக்காகிட்ட ஒரு நடை போய்க் காட்டுங்க. பஸ் வெளிய நின்னா ஆள் உள்ளதான் இருப்பாங்க. மலைப்பக்கத்துச் சொந்தக்காரங்க யாராச்சும் இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருந்தா, இதை அவங்களுக்கும் அனுப்பி வைங்க!