கண்ணாடி போட்ட மூன்று கடிதங்கள்

வாய்மை என்பது பெரியோர் போற்றிய அறங்களுள் மிகவும் சிக்கனமானது. அதற்குப் பொன்னும் வேண்டா, பொருளும் வேண்டா. ஒரு நாவும், அந்நாவு தேடித்தரும் சங்கடங்களைத் தாங்க ஒரு முதுகும் இருந்தால் போதும். இவ்விரண்டையும் இருபத்தாறு ஆண்டுகளாகச் சேதமின்றிக் காத்து வந்தவர், ஒரு தொடக்கப்பள்ளியின் வருகைப் பதிவு எழுத்தரான அம்மையார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சிவப்பு மை. வராத பிள்ளையின் பெயருக்கு நேரே அவர் இட்ட சிவப்புச் சுழி, இட்டது இட்டதுதான்.

தம் மகள் அதே பள்ளியில் படித்த காலத்தில் ஒருநாள், மறந்துவைத்த தம் மூக்குக்கண்ணாடியை எடுத்துவர அவளைப் பாதி வழியில் திருப்பி அனுப்பினார். அவள் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு நான்கு நிமிடம் பிந்தி வந்தாள். அம்மையார் அதை வாங்கி மாட்டிக்கொண்டு, அதன் வழியாகவே பார்த்து, 'தாமதம்' என்று எழுதினார். மகள் இரண்டு நாள் பேசவில்லை. கணவர் மூன்று நாள் பேசவில்லை. ஆயினும் அவர் இயல்பாகவே பேசாதவர் ஆகையால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இத்தகையவரைத் தலைமையாசிரியர் ஒரு புதன்கிழமை அழைத்தார்.

"ஏம்மா, அந்த மூணாம் வகுப்புப் பொண்ணு விஷயம் என்னாச்சு? நாலு நாள் வரல. மூணு கடிதம் போட்டாச்சு. சுவத்துக்கிட்ட பேசின மாதிரி இருக்கு."

"நாலாவதை நானே நேர்ல கொண்டுபோறேன் சார்."

"காரணம் சரியில்லேன்னா வெள்ளிக்கிழமை பேரை அடிச்சிடுங்க. அந்த ஒரு இடத்துக்கு வெளிய பதினோரு பேர் நிக்கிறாங்க. வேற தேசத்துலேருந்து வந்தவங்களுக்குப் படிப்போட அருமை எங்க தெரியுது?"

"அது பதிவேட்டுல இல்ல சார்" என்றார் அம்மையார்.

மறுநாள் மாலை, மூன்று மாடிப் படிகளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கதவைத் திறந்தவர் அக்குழந்தையின் தந்தை. கட்டடங்களுக்குச் சாரம் கட்டுபவர். பதினெட்டு மாடி உயரத்தில் பலகைமேல் நடப்பவர், அம்மையாரின் கழுத்தில் தொங்கிய பள்ளி அடையாள அட்டையைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டார். உள்ளே தாயின் முகம் வெளுத்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரரை ஓடிப்போய் அழைத்து வந்தார்கள். அவரும் அந்தத் தேசத்தவரே. வந்து பதினைந்து ஆண்டாயிற்று. இந்த மொழியைத் தண்ணீராய்ப் பேசுவார். எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது.

"உக்காருங்கம்மா. பயந்துட்டாங்க. எங்க ஊர்ல பள்ளிக்கூடத்துலேருந்து ஆள் வந்தா குத்தம் சொல்லத்தான் வருவாங்க. முகத்தைப் பார்த்துச் சொல்றதுதான் மரியாதை. நல்லதுன்னாத்தான் முத்திரை போட்டு எழுதி அனுப்புவாங்க."

அம்மையார் உட்கார்ந்தார். எதிர்ச்சுவரில், காகிதப் பூச்சரம் சூட்டி, கண்ணாடிச் சட்டத்துக்குள் மூன்று தாள்கள் தொங்கின. மூன்றும் அவரே தட்டச்சு செய்த எச்சரிக்கைக் கடிதங்கள்.

"இதெல்லாம்..."

"விருதும்மா!" என்று தையல்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "மொதல்ல வந்ததுல ஒரு முத்திரை. அடுத்ததுல ரெண்டு. மூணாவதைப் பாருங்க, சிவப்புக் கட்டமே போட்டிருக்கு! பொண்ணு மேல மேல போறா. இவரோட மேஸ்திரியே வந்து பார்த்துட்டுப் போனாரு."

"வந்த அன்னிக்கு என்ன செஞ்சீங்க?"

"எங்க வழக்கப்படிதான். பாராட்டு வந்தா மறுநாள் அந்தப் பிள்ளை ஒரு வேலையும் செய்யக்கூடாது. புதுத்துணி போட்டு நடுவுல உக்காத்தி வைப்போம். சொந்தபந்தம் எல்லாம் வந்து வாழ்த்தும்."

அம்மையாருக்குத் தேதிகள் மனப்பாடம். குழந்தை முதன்முதலில் வராதது காய்ச்சலால் என்று கேட்டறிந்தார். விடுப்புக் கடிதம் தரவேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியாது. அதற்கு ஒரு கடிதம் போயிற்று. கடிதம் வந்ததால் மறுநாள் விழா, விழாவால் குழந்தை வரவில்லை, வராததற்கு அடுத்த கடிதம், அதற்கும் விழா. இந்த ஏற்பாடு இப்படியே போனால், குழந்தையின் பெயரை நீக்கும் ஆணை வரும் நாளில் தெருவையே அலங்கரித்துவிடுவார்கள்.

மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஒன்பது வயதுக்காரி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "எனக்குத் தெரியும். மூணாவதுல 'எச்சரிக்கை'ன்னு எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டேன்."

"அப்புறம் ஏம்மா அப்பாகிட்டச் சொல்லல?"

"அதுக்குள்ள ஆணி அடிச்சிட்டாரு."

அம்மையார் மூன்று சட்டங்களையும் மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு தையல்காரரைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எடுத்துச் சொல்லச் சொன்னார்.

"நானாம்மா? மொத கடிதத்தைப் பார்த்து விருதுன்னு சொன்னதே நான்தானே!"

"அப்ப நீங்கதான் சொல்லணும் அண்ணே."

அவர் சொன்னார். தந்தை முக்காலியை இழுத்துப் போட்டார். அதில் ஏறி, முதல் சட்டத்தைக் கழற்றினார், இரண்டாவதைக் கழற்றினார். மூன்றாவதைக் கையில் எடுத்தவர், திரும்பிப் பாராமலே ஏதோ கேட்டார்.

"மூணுல ஏதாவது ஒரு வரியாவது நல்லதா இருக்கான்னு கேக்கறாரு."

எழுதியவரே அவர்தாம் ஆகையால் படித்துப் பார்க்கத் தேவையில்லை. "இல்லைன்னு சொல்லுங்க" என்றார் அம்மையார். கொண்டுவந்த நான்காம் கடிதத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படியிறங்கினார். இறங்கும்போது முழங்கால் இன்னும் வலித்தது.

வெள்ளிக்கிழமை காலை. விசாரணைப் படிவத்தில் 'காரணம்' என்பதன்கீழ் மூன்றே கட்டங்கள்: நோய், துக்கம், வீடு மாற்றம். வேறெதுவும் ஏற்கப்படாது. 'நோய்' என்பதில் ஒருநாளைக் குறித்தார். பின், அடிக்கோல் வைத்து நான்காவதாக ஒரு கட்டம் வரைந்து, 'மூன்று நாட்கள்: பள்ளியின் கடிதங்கள்' என்று எழுதித் தலைமையாசிரியர் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னார்.

"என்னம்மா இது! நாலு நாளும் காய்ச்சல்னு போட்டுட்டா என்னவாம்?"

"காய்ச்சல் ஒருநாள்தான் சார். மீதி மூணு நாள் நாமதான்."

"இது மேலிடத்துக்குப் போனா என் மானம் போயிடும்."

"பேரை அடிச்சாத்தான் மேலிடத்துக்குப் போகும் சார். அடிக்கலேன்னா நம்ம அலமாரிக்குத்தான் போகும்."

தலைமையாசிரியர் அலமாரியைப் பார்த்தார். அதில் இடம் இருந்தது. 'பெயர் நீடிக்கலாம்' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

அம்மையார் தம் இருக்கைக்கு வந்து பதிவேட்டைப் புரட்டினார். ஒரு நல்ல வரி, அது பொய்யில்லாத வரியாகவும் இருக்கவேண்டும். அரைமணி நேரம் தேடினார். பிறகு தட்டச்சு செய்தார்: 'இம்மாணவி பள்ளிக்கு வந்த நாட்கள் அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு நாளும் வாயிற்கதவு திறக்கும் முன்பே வந்து நின்றாள்.' கீழே இரண்டு முத்திரை. அதற்கும் கீழே: 'இதனைக் கொண்டாட விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமையன்று கொண்டாடவும்.' நேரில் போனால் கதவைப் பிடித்துக்கொள்வார்கள் என்று, அதைத் தபாலில் சேர்த்தார்.

திங்கட்கிழமை காலை வாயிற்கதவைத் திறக்கும்போது அக்குழந்தை நின்றிருந்தாள். பின்னால் தையல்காரரும் நின்றிருந்தார்.

"இந்தத் தடவை பொண்ணையே படிச்சுச் சொல்லச் சொன்னோம். ஞாயித்துக்கிழமை நல்லா நடந்துச்சும்மா. கடிதத்தை மாட்டியாச்சு. இன்னும் ரெண்டு ஆணி காலியா இருக்குன்னு இவ அப்பா சொல்லிட்டு வரச் சொன்னாரு."

"தகுதி இருந்தா வரும்னு சொல்லுங்க" என்றார் அம்மையார். குழந்தையின் பெயருக்கு நேரே கறுப்புப் புள்ளி வைத்தார். அன்றுதொட்டு அத்தெருவுக்குக் குற்றம் சொல்ல வேண்டுமானால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தாமே போகிறார். நல்லது சொல்ல வேண்டுமானால் தபாலில் அனுப்புகிறார்.

அவர் முழங்கால் வலி தணிக. அவர் மகள் எங்கிருப்பினும் தாமதமின்றி வாழ்க. பேசாத கணவர் நல்லதொரு சொல்லையேனும் நாள்தோறும் பேசுக. அக்குழந்தையின் இல்லத்துக் கதவைத் தட்டுவோர் அன்போடு தட்டுக. அவ்வில்லத்துக்கு வரும் கடிதங்கள் யாவும் சுவரில் மாட்டத் தக்கனவாகவே வருக.